சாவு விழாத வீடு

ஆதரவு இல்லம்,
பேராதனை வீதி, கண்டி.
6-8-1934

அண்ணனுக்கு அகிலாண்டம் எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குளித்தலை ரயிலடிக்கு நீங்கள் வருவீர்கள் என்று வண்டி நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ‘பெற்ற தகப்பன் பாரிசவாயுவில் கிடக்க, கடல் தாண்டி யாருக்கோ கால் பிடிக்கப் போகிறாள்’ என்று நீங்கள் அண்ணியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. தாலியறுத்து வீடு திரும்பிய நாளிலிருந்து ஆறு வருடம் அப்பாவை நான் ஒருத்தி பார்த்தேன். ஒரே ஒரு வருடம் நீங்கள் பாருங்கள் என்று கேட்டேன். அது இவ்வளவு பெரிய குற்றமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இல்லம் ஊருக்கு வெளியே, மகாவலி கங்கைக் கரையில் ஒரு பெரிய பங்களா. வியாபாரி ஒருவர் தர்மத்துக்கு விட்டிருக்கிறார். இருபத்தொரு கிழவர் கிழவிகள். எல்லாரும் திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து சிறு வயதிலேயே தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். கொழுந்து கிள்ளக் கை வணங்காமல் போனதும் கூலிக் கணக்கில் பேர் வெட்டி, லயம் என்கிற வரிசை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். நடத்துபவர் திருச்செல்வம், ஓய்வு பெற்ற வாத்தியார். பத்திரிகையில் ‘பயிற்சி பெற்ற தாதி ஒருவர் தொண்டாக வர இயலுமா’ என்று கேட்டவர் இவர்தான். குரல் உயர்த்தாத மனிதர். கிழவர்களின் காலை அவரே கழுவிவிடுகிறார். வாசலில் ஒரு பலகை: ‘இறைவன் அருளால் இந்த இல்லத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரு மரணமும் நிகழவில்லை.’ வருகிறவர்கள் அதைப் படித்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்கள்.

ஊரில் உறவு இருப்பவர்களைத் திருப்பி அனுப்புவதும் இங்கே ஒரு தர்மம். போன ஞாயிற்றுக்கிழமை மூவரை லொறியில் ஏற்றினார்கள். அதில் சுந்தரி என்பவள் நம் காட்டுப்புத்தூர்க்காரி. பாவம், காலில் நீர் கோத்து நடக்க முடியாதவள். ‘சுந்தரி வந்து சேர்ந்தாள்’ என்று எழுதி, உங்கள் விலாசமிட்ட ஒரு கார்டை அவள் மடியில் கட்டிவிட்டேன். ஊர் போனதும் தபால் பெட்டியில் போட்டால் போதும். கிடைத்ததா என்று எழுதவும்.

மழை பொய்த்துவிட்டது. கங்கை வற்றிப் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாக நிற்கிறது. கொசு தாங்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார்?

அகிலாண்டம்


முசிறி
17-8-1934

தங்கை அகிலாண்டத்துக்கு.

உன் கடிதம் 11ஆம் தேதி கிடைத்தது. ரயிலடிக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். தபால் பை கட்டும் நேரத்தில் போஸ்ட்மாஸ்டர் ரயிலடியில் நின்றால் ஊர் என்ன சொல்லும்?

நீ சொன்ன கார்டு வரவில்லை. இந்தத் தாலுகாவில் எனக்கு வரும் கார்டு எனக்குத் தெரியாமல் போக வழியில்லை. கிழவி எங்கேயாவது தொலைத்திருப்பாள்.

அப்பா தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வாசலைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். அந்த நேரத்தில்தான் நீ அவருக்குக் கஞ்சி கொடுப்பாயாம். உன் அண்ணி கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார். அவள் அழுகிறாள். நான் என்ன செய்ய? ஊரான் தகப்பனுக்கெல்லாம் கஞ்சி ஊட்டுகிறாய், சந்தோஷம்.

தாயுமானவன்


கண்டி
2-9-1934

அண்ணனுக்கு.

உங்கள் கடைசி வரியை நான்கு முறை படித்தேன்.

சுந்தரி நலமாக ஊர் சேர்ந்துவிட்டாளாம். அவள் தம்பி எழுதிய கடிதம் என்று திருச்செல்வம் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். ‘கோயிலில் பொங்கல் வைத்தோம்’ என்றெல்லாம் இருந்தது. முகவரிக்காகக் கடிதத்தைக் கேட்டேன். “அப்புறம் தாறேன்மா” என்று மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் தரவில்லை. கடிதம் கேட்டு ஒருவராவது சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதினைந்து வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறவள் நான். வயதானவர்கள் வலிக்கிறது என்று சொல்லாத நாள் உண்டா? இங்கே யாரும் சொல்வதில்லை. அழகமுத்து என்று ஒரு தாத்தா இருமல் வந்தால் தலையணையை வாயில் அழுத்திக்கொள்கிறார். இரத்தினம்மா என்ற கிழவி சோற்றை முழுதும் தின்றுவிட்டுக் கொல்லையில் போய் வாந்தி எடுத்தாள். பின்னாலேயே போன என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். “ஐயாகிட்ட சொல்லிடாதீங்க ஆயி, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். சொன்னால் என்ன என்று கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த வாரம் இன்னும் இருவரை ஊருக்கு அனுப்பினார்கள். ஒருவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பயணம் வேண்டாம் என்று தடுத்தேன். “ஊர்க் காத்து பட்டா சரியாயிரும்மா” என்றார் திருச்செல்வம். நல்ல மனிதர் சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

ஒரு உபகாரம். காட்டுப்புத்தூருக்கு யாரையாவது அனுப்பி விசாரிக்க முடியுமா?

அப்பா கஞ்சி குடிக்கிறாரா? அண்ணியைக் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து ஊட்டச் சொல்லுங்கள். அவருக்கு இடக்கண் பார்வை குறைவு.

அகிலாண்டம்


முசிறி
22-9-1934

அகிலாண்டத்துக்கு.

ஆளை அனுப்பவில்லை. நானே போனேன்.

சுந்தரியின் தம்பி கொல்லையில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்தான். அக்கா பெயரைச் சொன்னதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். “வந்துட்டாளா? எந்த ரயிலுக்கு?” என்று கேட்டான். அவன் கண்டிக்கு எந்தக் கடிதமும் எழுதவில்லை. அவனுக்கு எழுதவே தெரியாது. அந்த ஊரில் யாரும் பொங்கலும் வைக்கவில்லை.

நான் தபால்காரன். ஒரு தெருவுக்கு மாதம் எத்தனை சாவுக் கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். அறுபது தாண்டிய இருபது பேர் படுத்திருக்கும் வீட்டில் நான்கு வருடம் சாவே விழவில்லை என்று ஒருவன் பலகை எழுதி மாட்டியிருக்கிறான். நீயும் படித்துவிட்டுக் கும்பிட்டாயா? மூச்சு இழுக்கிறவனையும் கால் வீங்கியவளையும் தேடித் தேடி ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்.

யாரிடமும் ஒன்றும் கேட்காதே. பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ரயிலுக்குக் கிளம்பு.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவருக்கு இப்போது ஒரு தொந்தரவும் இல்லை.

தாயுமானவன்


கண்டி
14-10-1934

அண்ணனுக்கு.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். ‘சுந்தரி ஊர் போகவில்லை’ என்று என் வாயில் வந்துவிட்டதைச் சமையல்காரி ருக்கியா கேட்டுவிட்டாள். அக்குறணைக்காரி, அவள் புருஷன் லாபிர்தான் இல்லத்துக்கு லொறி ஓட்டுகிறவர். கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அவங்க ஊருக்குப் போறல்லம்மா. எங்கட மனிசன் மலைக்குத்தான் ஏத்திட்டுப் போற. அல்லாஹ்வுக்காக, நான் செல்லினேன்டு செல்லிராதீங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் லாபிரோடு நானும் லொறியில் ஏறினேன். அவர் கதவைத் திறந்துவிட்டார். ஹுன்னஸ்கிரிய மலையில், மூடிக் கிடக்கும் தோட்டம் ஒன்றில் பழைய தேயிலை ஸ்டோர். தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தகரம் பெயர்ந்து, உள்ளே மூடுபனி புகுந்து கிடக்கிறது. கொழுந்து வாட்டும் மாடியில் சாக்கு விரித்து ஒரு கிழவரைப் படுக்கவைத்திருந்தார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன் மூச்சு இழுத்த நிலையில் அனுப்பப்பட்டவர். அவருக்கு வடிவம்மா என்றொரு கிழவி தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் இரண்டு வருடத்துக்கு முன் சாக அனுப்பப்பட்டவள்தானாம். சாகவில்லை. வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

ஸ்டோருக்குப் பின்னால் பதினேழு மண்மேடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேயிலைக் கன்று நட்டு வைத்திருக்கிறாள். “பேரு எழுதத் தெரியாதே ஆயி, வேற என்ன செய்ய?” என்றாள். சுந்தரி வந்த ஐந்தாம் நாள் போய்விட்டாளாம். அவள் மடியில் இருந்தது என்று அந்தக் கார்டை என்னிடம் கொடுத்தாள்.

திரும்பி வந்து கார்டைத் திருச்செல்வம் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை. அண்ணா, அதுதான் பயமாக இருக்கிறது. மறுத்திருந்தால் திட்டியிருப்பேன். அலுமாரியைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினார். வீட்டுக்கார வியாபாரி எழுதிக் கொடுத்தது. மகளுக்குச் சீதனமாகப் போகப்போகும் வீடு இது. இங்கே ஒரு சாவு விழுந்தால் மறுநாளே எல்லாரும் வெளியேற வேண்டும்.

“முதல் வருஷம் ஒரு கிழவிக்கு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. மத்தவங்க எல்லாம் குளிர்ல ரோட்டுல கிடந்தப்ப நான் கூட்டிட்டு வந்தவங்க. ஒருத்திக்காக எல்லாரையும் மறுபடி ரோட்டுல விடவா? அன்னைக்குத்தான் முதல் தடவை லொறியைக் கூப்பிட்டேன். அப்புறம் கூப்பிடுறது சுலபமாயிருச்சும்மா. நீங்க வெளியில சொல்லணும்னா சொல்லுங்க. இந்தப் பத்தொன்பது பேரையும் எங்க கூட்டிட்டுப் போறதுன்னும் சொல்லிட்டுப் போங்க” என்றார்.

ஐந்து நாளாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். நானும் இப்போது இந்த வீட்டு ஆளாகிவிட்டேன் என்று தோன்றுகிறது. நீங்கள் வரச் சொல்கிறீர்கள். நான் கிளம்பினால் அடுத்த லொறியில் யார் யார் என்று எனக்கே தெரிகிறது.

கங்கைக் கரைக் கிராமங்களில் குளிர் காய்ச்சல் பரவுகிறதாம்.

அப்பாவுக்குத் தொந்தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேச்சு வந்துவிட்டதா? விவரமாக எழுதுங்கள்.

அகிலாண்டம்


முசிறி
4-11-1934

அகிலாண்டத்துக்கு.

இந்தக் கடிதத்தை எட்டு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா ஆகஸ்டு 23ஆம் தேதி வியாழக்கிழமை காலையில் தவறிவிட்டார். கொள்ளி வைத்து, கருமாதியும் முடித்தாயிற்று. உனக்குத் தந்தி அடிக்கவில்லை. தந்திக் காகிதத்தில் உன் பெயரை எழுதினேன். பிறகு மடித்து மேசைக்குள் வைத்துவிட்டேன். போனவள் போனவளாகவே இருக்கட்டும், தகப்பன் செத்ததுகூடத் தெரியாமல் ஊரார் கிழவர்களுக்கு ஊட்டிக்கொண்டிருக்கட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ருசியாகக்கூட இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

அதன் பிறகு நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். தொந்தரவு இல்லை என்று எழுதினேனே, அது பொய்யில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திருச்செல்வம் சட்டைப் பைக்குள் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார் என்று நீ எழுதினாய். என் மேசைக்குள்ளும் அப்படி ஒன்று கிடந்தது.

கடைசி இரண்டு நாள் கஞ்சி குடித்தார். கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும் என்று உன் அண்ணியே கண்டுபிடித்துவிட்டாள். நீ எழுதியது பிறகுதான் வந்தது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

தாயுமானவன்


ஹுன்னஸ்கிரிய
28-11-1934

அண்ணனுக்கு.

ஆகஸ்டு 23 அன்று நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். நினைவு வந்துவிட்டது. கிழவிகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டு, வெற்றிலை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா பிணமாகக் கிடக்க நான் வாய் சிவக்கச் சிரித்திருக்கிறேன். இதற்கு நான் உங்களை மன்னிப்பேனா என்று தெரியாது. இன்றைக்கு இல்லை.

ஆனால் உங்கள் கடிதம் வந்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. காட்டுப்புத்தூரில் அந்தத் தம்பி இன்னும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே, அவன் நிலைமை எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இருபதாம் தேதி அழகமுத்துத் தாத்தாவுக்குக் காய்ச்சல் முற்றியது. காலையில் லொறி வந்து நின்றது. சத்தம் கேட்டதும் கட்டில் காலைக் கட்டிக்கொண்டார். “என்னைய லொறியில ஏத்தாதீங்க ஆயி. இங்கனயே செத்துப் போறேன். ஒரு சத்தமும் போட மாட்டேன்” என்றார். நான் போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். திருச்செல்வம் என் எதிரில் வந்து நின்றார். “பத்தொன்பது பேரும்மா” என்றார். “தெரியும்” என்றேன். லாபிர் லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை பகல் பத்து மணிக்குத் தாத்தா போனார். அந்த வீட்டின் முதல் சாவு. நானும் ருக்கியாவும் குளிப்பாட்டினோம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் இரத்தினம்மாதான் ஒப்பாரி வைத்தாள். அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? “ஆயி, எனக்கு நாலு நாளாக் காய்ச்சல்” என்றார் ஒருவர். “எனக்குக் கண்ணே தெரியல ஆயி, தடவித் தடவித்தான் நடக்கிறேன்” என்றாள் இன்னொருத்தி. “எனக்கு ரத்தம் போகுது.” நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பதினெட்டுப் பேருடைய வலியையும் கேட்டேன். அதில் ஏழு பேருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

பாடையை முன்வாசல் வழியாகவே கொண்டுபோனோம். திருச்செல்வம் தடுக்கவில்லை. பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் சொன்ன சொல் மாறாதவர். மறுநாள் சாயங்காலத்துக்குள் வெளியே. எங்கே போவது? கண்டியில் ஆஸ்பத்திரித் தாழ்வாரமெல்லாம் காய்ச்சல்காரர்கள். கடைசியில் லாபிர்தான், “எல்லாரும் ஏறுங்க, இந்த முறை ஒண்டாப் போவோம்” என்றார். எந்த லொறிக்குப் பயந்தார்களோ அதே லொறியில் பதினெட்டுப் பேரும் ஏறினார்கள். திருச்செல்வமும் ஏறினார். ஸ்டோர் வாசலில் வடிவம்மா நின்றுகொண்டு, இவ்வளவு பேரா என்று எண்ணிப் பார்த்தாள்.

செத்தவர்களின் பெயரும் ஊரும் அவள் நினைவில் இருக்கின்றன. கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன், மூச்சிழுத்துக் கிடந்த அந்தக் கிழவரையும் சேர்த்துப் பதினெட்டுப் பெயர். அந்தந்த ஊருக்கு உண்மையை எழுதுங்கள். காட்டுப்புத்தூருக்கு மட்டும் நேரில் போங்கள்.

அகிலாண்டம்


ஹுன்னஸ்கிரிய
30-12-1934

அண்ணனுக்கு.

பதினெட்டு ஊருக்கும் எழுதிவிட்டீர்கள் என்று அறிந்தேன். சுந்தரியின் தம்பி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துத்தான் நான் அப்பாவுக்காக அழுதேன். இதுவரை அழவில்லை.

மலையில் கொசு இல்லை. ஆனால் காய்ச்சலை நாங்கள் கீழேயிருந்து கூடவே கொண்டுவந்துவிட்டோம். இந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை கிடைப்பது அரிது. லாபிர் கண்டியிலிருந்து கொண்டுவருவதைப் பாதி பாதியாக ஒடித்துக் கொடுக்கிறேன். ஒரு மாதத்தில் ஐந்து பேர். எல்லாருக்கும் என் கையால் தண்ணீர் ஊற்றினேன். கீழே கிராமங்களில் வீட்டுக்கு வீடு பிணமாம். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் சோறு இறங்கவில்லை.

ஒரு விஷயம். ஒன்றுவிட்டு ஒரு நாள், பகல் பதினொரு மணிக்கு எனக்கும் குளிர் வருகிறது. இரண்டு கம்பளி போர்த்தாலும் பல் கிட்டிக்கொள்கிறது. பயப்பட வேண்டாம் என்று எழுத நினைத்தேன். அப்படி எழுதினால் அதுவும் ஒரு பலகை ஆகிவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

என்னால் எழுத முடியாமல் போனால் திருச்செல்வம் எழுதுவார். இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அகிலாண்டம்


மண்டபம்
24-1-1935

அன்புள்ள அகிலாண்டத்துக்கு.

நீ எழுதி மூன்று வாரம் தாண்டிவிட்டது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். இலங்கைக்குப் போகிறவர்களை இங்கே நிறுத்தி வைத்து, அம்மை, பேதி உண்டா என்று பார்க்கிறார்கள். ஐந்து நாளாகக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கண்டியைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இன்று காலையில் முசிறியிலிருந்து திருப்பி அனுப்பிய கடிதம் ஒன்று வந்தது. கண்டி முத்திரை. எழுத்து உன்னுடையது இல்லை. முப்பது வருடம் பிறத்தியாருக்கு வந்த கடிதங்களை முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். உறையைப் பிரிக்கப் பயந்து எத்தனையோ பேர் என் ஜன்னலுக்கு வெளியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை. மத்தியானம் வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

பிரித்துவிட்டேன். திருச்செல்வத்தின் கை. வாத்தியார் எழுத்து, குண்டு குண்டாக. முதலில், மலையேறிய பிறகு செத்த எட்டுப் பேரின் பெயர்களும் ஊர்களும். இரத்தினம்மா அதில் இருக்கிறாள். ‘சகோதரி அகிலாண்டம் சொல்லச் சொல்ல எழுதியது’ என்றிருந்தது. கடைசியில் அவராக எழுதியது: ‘சகோதரிக்கு இன்றோடு பதினோரு நாள் விடாத காய்ச்சல். பேச்சு இருக்கிறது. எழுந்து உட்கார முடியவில்லை. வடிவம்மா பக்கத்தைவிட்டு நகரவில்லை. நம்பிக்கையாக ஒரு வார்த்தை எழுத ஆசைப்பட்டேன், சகோதரி கூடாது என்றார்.’

கடிதத்தில் தேதி 15. இன்று 24.

எட்டு ஊருக்கும் இங்கேயே உட்கார்ந்து கார்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நீ சொன்னபடியே, எப்படிச் செத்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தது, எங்கே புதைத்திருக்கிறது எல்லாம் எழுதினேன். என் பெட்டி நிறையக் கொயினா. திருச்சியில் கடை கடையாக ஏறிச் சேர்த்தது. உன் அண்ணி அரிசிக் கஞ்சிக்கு நொய் இடித்துக் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

நாளைக் காலைக் கப்பலில் விடுகிறேன் என்கிறார்கள். இந்தக் கடிதமும் நானும் ஒரே கப்பலில்தான் வருகிறோம். மலைக்குத் தபால் ஏற ஒரு நாள் கூடும். நான் முந்திவிடுவேன். நீ இருந்தால் நானே இதை உனக்குப் படித்துக் காட்டுகிறேன். இல்லையென்றால், லொறியைவிட்டு இறங்கும்போதே சொல்லிவிடச் சொல்லித் திருச்செல்வத்துக்குத் தந்தி அடித்திருக்கிறேன். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு சொல்ல வேண்டாம்.

உன் அண்ணன்,
தாயுமானவன்